முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போன்: பந்தியில் முடியாத ஒரு வழக்கு



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, "நமக்கும் எழுத்துக்கும் வெகு தூரம், ஆளை விடுங்கப்பா" என்றுதான் சொன்னேன். விடவில்லை. காரணம், சென்ற முறை நாம் கூடியபோது சாப்பாட்டுப் பந்தியில் தொடங்கிப் பாயசத்தோடு பாதியில் நின்றுபோன ஒரு சண்டை.

என் மகள் வாங்கிக் கொடுத்த கம்பியில்லா ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். காதை முழுக்க மூடும் பெரிய வகை. விலை என்ன என்று கேட்டார்கள். முப்பதாயிரத்துக்குப் பத்து ரூபாய் குறைவு என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான்! "இந்தக் காசுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கலாமேடா" என்றான் ஒருவன். "நாம படிச்ச நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஃபீஸ் இவ்வளவு வராதுடா" என்றான் இன்னொருவன். மூன்றாமவன் (பெயர் வேண்டாம், படிக்கும்போது அவனுக்கே தெரியும்) சொன்னதுதான் தைத்தது: "உனக்குக் காதே சரியா கேக்காது. அதுக்கு இது ஒரு கேடா?"

அவன் சொன்னது பொய் அல்ல. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் எனக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. ஹெட்போனுக்கு மனிதன் காசு கொடுத்தானே, எதற்காகக் கொடுத்தான்? நல்ல ஒலிக்காகவா? ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம். தேடிப் படித்தேன். படித்ததை இங்கே வைக்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

கதை 1881-இல் பாரிசில் தொடங்குகிறது. அந்த ஆண்டு நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளமென் அடேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், ஆபரா அரங்கின் மேடையோரம் டெலிபோன் மைக்குகளை வைத்து, அங்கே பாடுவதைக் கண்காட்சி அறைக்குக் கம்பி வழியே கொண்டுவந்தார். ஆளுக்கு இரண்டு ரிசீவர், காதுக்கு ஒன்று. இடது பக்கத்து மைக் இடது காதுக்கு, வலது பக்கத்து மைக் வலது காதுக்கு. பாடகர் மேடையில் நடந்தால் குரலும் நடந்ததாம்! நாம் 'ஸ்டீரியோ' என்று பெருமை பேசும் சமாச்சாரத்தை அன்றைக்கே கேட்டுவிட்டார்கள். 1890-இல் இது 'தியேட்டர்போன்' என்ற கம்பெனியாயிற்று. ஓட்டல்களில் காசு போட்டுக் கேட்கும் பெட்டிகள் வைத்தார்கள். 50 சாந்திம் போட்டால் ஐந்து நிமிடம். 1895-இல் லண்டனிலும் 'எலக்ட்ரோபோன்' என்று இதேபோல ஒரு சேவை வந்தது. வீட்டிலிருந்தே நாடகமும் மாதா கோயில் பிரசங்கமும் கேட்க ஆண்டுச் சந்தா 5 பவுண்டு. அன்றைய உழைப்பாளிக்கு அது பல வாரக் கூலி.

ஒலி எப்படி இருந்திருக்கும்? டெலிபோனில் பாட்டுக் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான். இதற்குப் போய்ச் சீமான்கள் ஏன் பணம் கொடுத்தார்கள்? குளிரில் வண்டி கட்டிக்கொண்டு போக வேண்டாம், நல்ல உடை உடுத்த வேண்டாம், சாய்வு நாற்காலியில் கிடந்தே கேட்கலாம். ஆக, முதல் 'பிரீமியம்' ஹெட்போன்காரர்கள் வாங்கியது ஒலியை அல்ல, வசதியை. ரேடியோ வந்ததும் இரண்டும் படுத்துவிட்டன. லண்டன் சேவை 1925-இல் மூடப்பட்டது, பாரிஸ் சேவை 1932-இல்.

அடுத்த ஆள் நம்மைப் போன்ற ஒரு பட்டறைப் பித்தர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின். 1910 வாக்கில் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கடிதம் வந்தது. நீலமும் இளஞ்சிவப்புமான தாளில் ஊதா மையால் எழுதிய கடிதம். யாரோ பைத்தியக்காரர் என்று குப்பையில் போட்டிருக்கலாம். போடாமல், கூட வந்த ஹெட்போனைச் சோதித்துப் பார்த்தார்கள். தங்களிடம் இருந்ததைவிடப் பல மடங்கு நுட்பமாகக் கேட்டது. உடனே ஆர்டர் கொடுத்தார்கள். பதில் வந்தது: ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் கேட்காதீர்கள், வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் செய்கிறேன்! தலைப்பட்டை சரியில்லை என்று கடற்படை சொன்னதும், தோல் சுற்றிய இரண்டு கம்பிகளை வளைத்து, மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளும்படி ஓர் அமைப்பைச் செய்து அனுப்பினார். இதற்குக் காப்புரிமை வாங்குங்கள் என்றபோது, அற்ப விஷயம் என்று விட்டுவிட்டார். இன்று உலகத்தில் தலையில் மாட்டும் எல்லா ஹெட்போனிலும் அந்த அற்ப விஷயத்தின் வாரிசு இருக்கிறது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டும். 1982 என்று நினைக்கிறேன். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் ராணுவக் கழிவுச் சாமான் விற்றவரிடம் பேரம் பேசி, கறுப்பு ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தேனே! (அந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீயில் போனது.) இரும்புத் தகடு, காந்தம், காதுக்கு இரண்டாயிரம் ஓம். கொள்கையில் பால்ட்வின் காலத்துச் சரக்கேதான். ஒரு ஜெர்மானியம் டயோடு, ஒரு காயில், ஒரு கண்டென்சர், ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு ஏரியல் கம்பி, தண்ணீர்க் குழாயில் எர்த். பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை. விளக்கணைத்த பிறகு வார்டனுக்குத் தெரியாமல் போர்வைக்குள் வானொலி. ஒரு காதுக்கு ஒருவன் என்று முறை வைத்துக் கேட்டோம். ஒலி கேவலம்தான். ஆனால் அன்று யார் ஒலியைப் பற்றிக் குறை சொன்னோம்? யாருக்கும் தெரியாமல் கேட்டோமே, அதற்குத்தான் மதிப்பு.

நல்ல ஒலி 1937-இல் வந்துவிட்டது. பெர்லினில் ஆய்கன் பேயர் என்பவர் இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, ஸ்பீக்கரில் உள்ளதுபோல நகரும் காயிலை வைத்து டிடி 48 என்ற ஹெட்போனைச் செய்தார். டைனமிக் ஹெட்போன்களில் இதுதான் முதல் என்பார்கள். அந்த மாடலின் தயாரிப்பு 2012 வரை நடந்தது. 75 ஆண்டுகள்! இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

ஆனாலும் வெகுகாலம் ஹெட்போன் என்பது கப்பல்காரர், விமானி, டெலிபோன் ஆபரேட்டர் ஆகியோரின் தொழில் கருவியாகவே கிடந்தது. அதைப் பாட்டுக் கேட்பவரின் தலைக்கு மாற்றியவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ். சோபா வாங்க வைத்திருந்த கல்யாணப் பணத்தில் டி.வி. பெட்டிகள் வாங்கி, ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். (அந்த அம்மாள் என்ன சொன்னாரோ!) 1958-இல் ஒரு கையடக்கக் கிராமபோனைச் செய்து கண்காட்சிக்குக் கொண்டுபோனார். தனியாகக் கேட்டுப் பார்க்க ஒரு ஸ்டீரியோ ஹெட்போனையும் சேர்த்து வைத்தார். ஜனங்கள் கிராமபோனைச் சீண்டவில்லை, ஹெட்போனைத்தான் கேட்டார்கள்.

பத்து வருடம் கழித்து, 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி எச்.டி. 414-ஐ வெளியிட்டது. பின்பக்கம் மூடாத முதல் திறந்தவகை ஹெட்போன் இது. மஞ்சள் பஞ்சு வைத்த, எடையே இல்லாத பிளாஸ்டிக் சாதனம். ஒரு கோடிக்கு மேல் விற்றது. அதாவது சாதாரண சம்பளக்காரருக்கும் நல்ல ஒலி எட்டிவிட்டது. என் கட்டுரையின் முக்கால்வாசி வாதம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்பதற்கான ஒலி, அரை நூற்றாண்டுக்கு முன்பே மலிந்துவிட்ட பண்டம்.

1979 ஜூலை முதல் தேதி ஜப்பானில் சோனி வாக்மேன் வந்தது. விலை 33,000 யென். அதுவரை 300, 400 கிராம் கனத்த ஹெட்போனை 50 கிராம் அளவுக்குக் குறைத்தார்கள். முதல் மாடலில் இரண்டு பேர் கேட்க இரண்டு துளைகள் இருந்தன. தனியாகக் காதை அடைத்துக்கொண்டு உட்கார்வது மரியாதைக் குறைவு என்று கம்பெனித் தலைவர் அகியோ மொரிட்டா நினைத்தாராம். ஜனங்கள் அப்படி நினைக்கவில்லை. நம் ஹாஸ்டலுக்கு முதல் வாக்மேன் வந்தபோது, துபாய்ச் சித்தப்பா புண்ணியத்தில் அதை வைத்திருந்தவனுக்கு நாம் கொடுத்த மரியாதை முதல்வருக்குக்கூடக் கொடுத்ததில்லை.

இனிதான் கதையின் முக்கியமான ஆள் வருகிறார். அமர் போஸ். தந்தை நோனி கோபால் போஸ், கல்கத்தாவில் வெள்ளையரை எதிர்த்த போராளி. பிடியிலிருந்து தப்பி 1920-இல் அமெரிக்கா போனவர். மகன் 1929-இல் பிலடெல்பியாவில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் தந்தையின் இறக்குமதி வியாபாரம் நொடித்தபோது, பள்ளிப் பையனாக இருந்த மகன் ரேடியோ பழுது பார்த்துக் குடும்பத்துக்கு உதவினான். பின்னாளில் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் முடித்த கையோடு, 1956-இல் ஒரு ஸ்டீரியோ வாங்கினார். பொறியாளர் அல்லவா, தாளில் போட்டிருந்த அளவுகளைப் பார்த்து உயர்ந்ததாகத் தேர்ந்தெடுத்தார். வீட்டில் போட்டுக் கேட்டால் ஒலி மட்டம்! விலையையும் கணக்கையும் நம்பி ஏமாந்த அந்த எரிச்சல்தான் அவரை ஒலியியலுக்குள் இழுத்தது. 1964-இல் தன் பெயரில் கம்பெனி தொடங்கினார்.

1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்தார். அதற்கு முன் விமானங்களில் பாட்டுக் கேட்க, டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போலக் காற்றுக் குழாய்தான் கொடுப்பார்கள். அப்போதுதான் மின்சார ஹெட்போன் வந்திருந்தது. ஆசையாக மாட்டினார். இஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினால் பாட்டுக் கிழிந்தது. வேறு யாராவது என்றால் விமானப் பணிப்பெண்ணிடம் குறை சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பார்கள். இவர் காகிதத்தை எடுத்துச் சமன்பாடு போட ஆரம்பித்தார். ஊர் வந்து சேர்வதற்குள் இது முடியக்கூடிய காரியம்தான் என்று தெரிந்துவிட்டது.

கொள்கை புதிதல்ல. ஒலி என்பது அலை, மேடும் பள்ளமும். அதே அலையைத் தலைகீழாக்கி, மேடு வரும் இடத்தில் பள்ளத்தையும் பள்ளம் வரும் இடத்தில் மேட்டையும் சேர்த்துவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். நம் இயற்பியல் லேபில் படித்த குறுக்கீட்டு விளைவேதான். இதற்கு ஜெர்மனியின் பால் லூக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அன்று கையில் இருந்தது வால்வு. காதுக்குள் வைக்கும் அளவுக்குச் சிறிய, வேகமான சர்க்யூட் இல்லை. போஸ் காதுக்கூட்டின் உள்ளேயே ஒரு மைக்கை வைத்து, உள்ளே புகுந்த இரைச்சலை அளந்து, அதன் எதிர் அலையை அந்தக் கணத்திலேயே ஸ்பீக்கரில் கொடுக்கும் வழியைப் பிடித்தார். சொல்ல ஒரு வரி. செய்து முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1986 டிசம்பரில் 'வாயேஜர்' என்ற விமானம் எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றியதே, அதை ஓட்டிய இருவரும் தங்கள் காதைக் காப்பாற்றிக்கொள்ள இந்தச் சோதனை ஹெட்போனைத்தான் அணிந்தார்கள். 1989-இல் விமானிகளுக்கு விற்பனைக்கு வந்தது. அதே காலத்தில் சென்ஹைசரும் விமானிகளுக்காக இதே திசையில் உழைத்துக்கொண்டிருந்தது. பொதுமக்கள் கைக்குப் போஸின் ஹெட்போன் வந்தது 2000-இல். அமர் போஸ் 2013-இல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே தன் கம்பெனியின் பெரும்பகுதிப் பங்குகளை எம்.ஐ.டி.க்கு எழுதி வைத்துவிட்டார்.

இந்த வித்தைக்கும் ஓர் எல்லை உண்டு. 100 ஹெர்ட்ஸ் இரைச்சலின் அலை மூன்று மீட்டருக்கு மேல் நீளம்; எதிர் அலையைப் பொருத்தி வைக்க நேரம் கிடைக்கும். 5,000 ஹெர்ட்ஸ் என்றால் ஏழு சென்டிமீட்டர்தான். கொஞ்சம் பிசகினாலும் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிடும். அதனால் பஸ் இஞ்சின், ஃபேன், ஏ.சி. இவற்றின் உறுமல் மாயமாக மறையும். குக்கர் விசில், கைக்குழந்தை அழுகை, பக்கத்து சீட்காரர் போனில் போடும் சத்தம் எல்லாம் மெலிந்து வரும், மறையாது. விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கம்பி அறுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1994-இல் சுவீடனின் எரிக்சன் கம்பெனியில் தொடங்கிய ஆராய்ச்சி, பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஒருவரின் பட்டப்பெயரால் 'புளூடூத்' ஆனது. ஸ்டீரியோ பாட்டை அனுப்பும் முறை 2003 வாக்கில் வந்தது. சி.டி.யில் வினாடிக்கு 1,411 கிலோபிட் இருக்கும் பாட்டைச் சுமார் 330-க்குள் நெருக்கித்தான் சாதாரணப் புளூடூத் அனுப்புகிறது. பிறகு வந்த நல்ல முறைகளில் 990 வரை போகிறது. கம்பி வழி வருவதைவிடக் குறைவுதான். 2016-இல் ஆப்பிள் தன் போனில் ஹெட்போன் துளையையே அடைத்துவிட்டது. அதே ஆண்டில் சோனியும் போஸும் கம்பியில்லாமல் இரைச்சலையும் அடக்கும் பெரிய ஹெட்போன்களை இறக்கின. 2020-இல் ஆப்பிள் 59,900 ரூபாய்க்கே ஒன்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அடேயப்பா!

இவ்வளவு காசுக்கு ஒலியாவது உயர்ந்ததா? இதை ஒருவர் அளந்தே பார்த்துவிட்டார். 2017-இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அலைவரிசை அளவுகளை எடுத்து விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதே முடிவு. விலை கூடக்கூட ஒலி கூடவில்லை. அமர் போஸ் 1956-இல் ஏமாந்தது இன்றைக்கும் நடக்கிறது என்று அர்த்தம். பந்தியில் என்னைத் திட்டிய நண்பர்களே, இந்த ஒரு புள்ளியில் நீங்கள் சொன்னதுதான் சரி. வீட்டில், மின்விசிறி மெதுவாகச் சுற்றும் அறையில், பழைய பாட்டுக் கேட்க வேண்டுமா? மூவாயிரம், நாலாயிரத்துக்குக் கம்பி வைத்த நல்ல ஹெட்போன் போதும். முப்பதாயிரம் வீண்.

இப்போது என் காது விஷயம். படிப்பு முடிந்ததும் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம். ரிங் பிரேம் ஓடும் ஹாலில் பக்கத்தில் நிற்பவனிடம் சைகையில்தான் பேச முடியும். காதடைப்பு என்ற பேச்சே அன்று கிடையாது, கேட்டால் சிரிப்பார்கள். பஞ்சுக்கு மட்டும் குறைவில்லை, கொஞ்சம் கிள்ளிக் காதில் வைத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்தாம் வயதில் டாக்டர் எடுத்த வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம். "மில் வேலையா சார்?" என்று அவரே கேட்டார். போனது போனதுதான், திரும்ப வராது என்றும் சொன்னார். சுவர்க்கோழி சத்தம் எனக்குக் கேட்டுப் பல வருடம் ஆகிறது. பேத்தி சன்னக் குரலில் 'தாத்தா, சாவி' என்றாளா, 'தாத்தா, காபி' என்றாளா என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

இந்தக் காதோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய் வருகிறேன். முன்பெல்லாம் சின்ன இயர்போனை மாட்டி, இஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று ஒலியைக் கடைசி வரை ஏற்றுவேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். நான் ஒரே பயணத்தில் வாரக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தேன். மகள் கவனித்துவிட்டாள். "அப்பா, மில்லு தின்னது போக மிச்சம் இருக்கிற காதையும் பஸ்ஸுல தொலைச்சிட்டு வராதீங்க" என்று சொல்லித்தான் இதை வாங்கிக் கொடுத்தாள். இப்போது பாதி அளவுக்குக் கீழேயே வைக்கிறேன், ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. என் விஷயத்தில் முப்பதாயிரமும் ஒலிக்காகக் கொடுத்ததல்ல. இஞ்சினை நிறுத்தக் கொடுத்த கூலி.

ஆனால் வக்கீல் மாதிரி ஒரு பக்கம் மட்டும் பேசக் கூடாது. ஒன்று, இது வெளிச்சத்தத்தைத்தான் அடக்கும். என் காதுக்குள் மில் விட்டுவிட்டுப் போன 'ஙொய்ங்' என்ற ரீங்காரத்தை அடக்காது. வெளியே அமைதியானால் அது இன்னும் நன்றாகக் கேட்கிறது. முதல் நாள் பயந்தே போனேன். இரண்டு, பேட்டரி. புதிதில் முப்பது மணி நேரம் தாங்கியது, நாலாம் வருடம் ஐந்து மணி நேரத்தில் நின்றது. ஊர் திரும்பும்போது பாதி வழியில் இஞ்சின் மறுபடியும் காதுக்குள் வந்துவிடும். சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகச் சொன்னான்: "பேட்டரி மாத்துறதில்ல சார். இதைக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கங்க, டிஸ்கவுண்ட் உண்டு." 75 வருடம் தயாரிப்பில் இருந்த டிடி 48 ஞாபகம் வந்தது. கம்பியை அறுத்த அன்றே ஹெட்போனுக்கு ஆயுள் ரேகையும் எழுதிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறது; 2027 பிப்ரவரியிலிருந்து இப்படிப்பட்ட சாதனங்களில் வாங்கியவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும் வசதி இருக்க வேண்டுமாம். நம் ஊருக்கு எப்போதோ.

எனக்குக் கோபம் வந்தது. ரிட்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். காது மெத்தையை நெம்பி எடுத்து, நாலு ஸ்குரூவைக் கழற்றி, இருபது நிமிடத்தில் வேறு பேட்டரி வைத்துக் கொடுத்தான். ஆயிரத்துச் சொச்சம் வாங்கினான். இன்றைக்கும் ஓடுகிறது. பேட்டரியே சாகாமல் நாலு வருடத்தோடு தூக்கிப் போட்டிருந்தால் நாளொன்றுக்கு இருபது ரூபாய்க் கணக்கு. ஒரு டீயும் வடையும். இனி ஓடும் ஒவ்வொரு நாளும் அது குறையும்.

மூன்றாம் நண்பனுக்கு என் பதில் இவ்வளவுதான். கேட்காத காதுக்கு இது கேடு இல்லையடா, மிச்சக் காதுக்குக் காவல். உனக்கும் மில் வேலைதான், நீயும் ஒருமுறை டாக்டரிடம் காட்டு.

ஒரு சேதி. பரணைச் சுத்தம் செய்தபோது அந்த மூர் மார்க்கெட் ஹெட்போன் கிடைத்தது. துணி சுற்றிய ஒயர் மட்டும் இற்றுப்போயிருந்தது, மாற்றிவிட்டேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு காயிலும் உயிரோடு இருக்கின்றன. டயோடும் காயிலும் சேர்த்து இந்த முறை கொண்டுவருகிறேன். சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் ஏரியல் கட்ட வேண்டும். முழங்கால் வலி இல்லாதவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடவும்.